சனிக்கிழமை நகல்

முந்தின நாள் ஆட்டத்தில் என்ன நடந்தது என்பதைத் திங்கட்கிழமை காலையில் கணவனுக்கு எடுத்துச் சொல்வது செண்பகத்தின் வேலை. அமெரிக்காவின் விச்சிட்டா நகரத்து மைதானத்தில் அத்தனை பெரிய கூட்டம் தொண்டை கிழியக் கத்திப் பார்த்த ஆட்டம் அது. அதில் ஓடியவனுக்குத்தான் ஒன்றும் தெரியாது.

"ஜெயிச்சிட்டோமா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்திருப்பான் இசக்கிமுத்து.

"ஜெயிச்சிட்டிய."

"நான் நல்லா ஓடுனேனா?"

"போட்டுக் காட்டுதேன், பாருங்க."

தொலைக்காட்சியில் அவன் ஓடுவான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான்கு தடியன்களுக்கு நடுவே நுழைந்து, வளைந்து, கோட்டைத் தாண்டி விழுவான். சோபாவில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற இசக்கிமுத்து, "யாரு பெத்த பிள்ளையோ, என்னமா ஓடுதான்!" என்று வாயைப் பிளப்பான். ஆரம்பத்தில் இது செண்பகத்துக்குச் சிரிப்பாக இருந்தது. மூன்றாவது சீசனில் பல்லைக் கடித்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

தூத்துக்குடிப் பக்கம் கபடியில் பெயர் வாங்கியவன் இசக்கிமுத்து. ரெய்டு போனால் ஆளைத் தொட்டுவிட்டு விலாங்கு மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிடுவான். அந்த வீடியோவை அமெரிக்காவில் யாரோ பார்த்தார்கள். இப்படி வழுக்குகிறவன் கையில் ஒரு பந்தைக் கொடுத்தால் என்ன என்று அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றிவிட்டது. கபடி அணிக்கு மேனேஜராக இருந்த ஆல்பர்ட் அண்ணாச்சி ஒரே வாரத்தில் கோட்டு தைத்துக்கொண்டு ஏஜென்ட் ஆனார். கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகாத செண்பகம், கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறினாள்.

வந்து இறங்கிய அன்றே, அவனை எடுத்த ஹார்னெட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து கிளப்பின் ஆஸ்பத்திரியில் இசக்கிமுத்துவின் தலையில் ஒரு தொப்பியை மாட்டினார்கள். டாக்டர் மார்கரெட் ஹோல்ட் என்ற வெள்ளைக்காரம்மா ஆங்கிலத்தில் விளக்க, அண்ணாச்சி அதைத் தமிழாக்கினார்.

"அந்தக் காலத்துலே மண்டையிலே அடிபட்டு அடிபட்டு, நாப்பது வயசுலே பொண்டாட்டி பேரு மறந்துருமாம் இந்த ஆட்டக்காரனுவளுக்கு. கோர்ட்டு, கேஸுன்னு ஒரே அசிங்கம். இப்ப அந்தக் கவலையே இல்லம்மா. சனிக்கிழமை சாயங்காலம் மூளையை ஒரு நகல் எடுத்து வச்சுக்கிடுவாவ. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துலே மண்டை கலங்கிச்சுன்னா, திங்கக்கிழமை காலைல ரிப்பேர் பண்ணிட்டு, நகலைத் திரும்ப ஊத்திருவாவ. புது மூளை!"

"அப்போ ஞாயித்துக்கிழமை?"

"அது போயிரும்."

"எங்க போகும்?"

"ஒரு நாள்தானம்மா. வாரத்துலே மிச்ச நாளெல்லாம் இருக்குல்லா?" என்றார் அண்ணாச்சி.

தொட்டுவிட்டுத் திரும்பி ஓடும் வழக்கத்தை அவனிடமிருந்து பிடுங்கியெடுக்கப் பயிற்சியாளர் டன்லப்புக்கு ஒரு சீசன் பிடித்தது. அதற்குப் பிறகு இசக்கிமுத்து 'ஐசக்' ஆனான். அவன் பெயர் போட்ட சட்டையைப் பிள்ளைகள் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். மகள் தாமிரா பிறந்தாள். அவள் முதலடி எடுத்து வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. கட்டுப்போட்ட தலையோடு கைதட்டிச் சிரித்தவனுக்கு மறுநாள் காலையில் அது நினைவில்லை. செண்பகம் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, இரண்டாவது தடவையாக முதலடி எடுக்கவைத்தாள். அவனும் இரண்டாவது தடவையாகக் கண்கலங்கினான்.

மூன்று வருஷம் தாக்குப்பிடித்தாலே மூத்த ஆட்டக்காரன் என்று மரியாதை செய்கிற ஆட்டம் அது. மூளைக்குத்தான் நகல் உண்டு. முட்டிக்கும் கழுத்துக்கும் அந்த ஏற்பாடு கிடையாது. ஆகவே, அடியே பட்டறியாத ஒரு மூளை, அடிமேல் அடி வாங்கிய ஓர் உடம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, 'குதி' என்று உத்தரவு போட்டபடி இருந்தது. உடம்பும் பாவம், குதித்தது.

கடைசி சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் முடிந்து ஸ்கேன் எடுத்துவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஏட்டி, என் இடது கை எங்கன இருக்கு?"

"நான்தான் பிடிச்சிருக்கேன்."

"தெரியலயேட்டி."

கொஞ்ச நேரத்தில் உணர்ச்சி திரும்பிவிட்டது. ஆனால் ஸ்கேன் எடுத்த ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர் சொன்னது செண்பகத்தின் காதிலேயே நின்றது. கழுத்தெலும்பில் விரிசல். இன்னும் ஒரு பலமான அடி, அதற்குப் பிறகு கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. கிளப்பின் எலும்பு டாக்டரோ, கழுத்துப்பட்டை போட்டுக்கொண்டால் தாராளமாக ஆடலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவர் கழுத்து நன்றாகத்தான் இருந்தது.

"போதும்ட்டி," என்றான் இசக்கிமுத்து. "விட்டுட்டு ஊருக்குப் போயிருவோம். நாளைக்குக் காலைல நான் என்ன சொன்னாலும் கேக்காத."

அதைச் செல்போனில் அவனையே பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டாள். மறுநாள் புது மூளையோடு எழுந்தவனிடம் அதைப் போட்டுக் காட்டினாள். இசக்கிமுத்து இரண்டு தடவை பார்த்தான்.

"வலியிலே உளறுதான்," என்றான்.

"உளறுனது நீங்கதான்."

"நேத்து உள்ளவன் பயந்தாங்கொள்ளி. எனக்கு ஒண்ணும் செய்யலயே. இந்தா பாரு, கை அசையுதுல்லா? டாக்டரும் ஆடலாம்னுதான சொல்லுதாவ."

அண்ணாச்சியிடம் போய் அழுதாள். ஒப்பந்தத்தை ஞாயிற்றுக்கிழமையே முறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டாள்.

"செல்லாதும்மா," என்றார் அவர். "மண்டை கலங்கிக் கிடக்கவன் போட்ட கையெழுத்துன்னு தூக்கிப் போட்டுருவாவ. திங்கக்கிழமை தெளிஞ்ச பிறவு போட்டாத்தான் செல்லும்."

"தெளிஞ்ச பிறவு அவ்வோ போட மாட்டாவளே."

"அதான் தெளிவுங்கது," என்று சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே பிடிக்காமல் மூக்கைச் சொறிந்துகொண்டார் அண்ணாச்சி.

அடுத்த ஞாயிறு அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். இந்த முறை விரல்களுக்கு உணர்ச்சி திரும்ப நெடுநேரம் ஆனது. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த செண்பகம் கணக்கு டீச்சர் மூளையால் யோசித்தாள். ஆட மாட்டேன் என்று சொல்கிறவன் பேச்சு சட்டத்தில் ஏறாது. பேச்சு ஏறுகிறவன் ஆட மாட்டேன் என்று சொல்ல மாட்டான். அப்படியானால் இந்த இரண்டு பேருமே வேண்டாம். ஆடவே தெரியாத மூன்றாவது ஒருவன் வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் நகலை ஊற்றுவதற்கு முன் டாக்டர் ஹோல்ட் உறவினரிடம் வாய்விட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும். அது விதி. எந்த நகல் என்று அவர் கேட்பார். சனிக்கிழமை என்று செண்பகம் சொல்வாள். கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்பது மாதிரி அது நடந்துகொண்டிருந்தது.

"எந்த நகல்?"

"பழைய நகலெல்லாம் இருக்கிறதா, டாக்டர்?" மூன்று வருஷத்தில் அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வசப்பட்டிருந்தது.

"எல்லாம் இருக்கின்றன. நாங்கள் எதையும் அழிப்பதில்லை."

"அப்படியானால் முதல் நகல். நாங்கள் வந்து இறங்கிய அன்று தொப்பி மாட்டி எடுத்தது."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதில் ஆட்டம் இருக்காது. உங்கள் குழந்தையும் இருக்காது."

"சனிக்கிழமை நகலைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் திரும்ப ஊற்றலாம் இல்லையா?"

"ஊற்றலாம். மருத்துவத்தில் தடையில்லை. ஆனால் இவ்வளவு பழைய நகலை ஊற்றினால் இரண்டு வாரத்துக்கு அவரிடம் எதையும் சொல்லக் கூடாது. இன்று வந்து இறங்கியதாகவே அவர் நினைக்கட்டும். இடையில் போன காலத்தைப் பட்டென்று சொன்னால் மூளை தாங்காது."

மருத்துவத்தில் தடையில்லை என்றவரிடம், வேறு எதிலாவது தடை உண்டா என்று கேட்கச் செண்பகத்துக்குத் தோன்றவில்லை. கிளப்பில் யாரும் இதைப் பயிற்சியாளரிடம் சொல்லப் போவதுமில்லை. நோயாளியின் ரகசியம் என்பதில் டாக்டர் ஹோல்ட் கறாரானவர்.

கட்டிலில் கிடந்தவனின் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"பாப்பாவை மறந்துருவனா?" என்றான்.

"நாலு நாளைக்குத்தான். ஆடத் தெரியலன்னு கிளப்புலயே உங்களைத் துரத்திவிடுவாவ. உடனே சனிக்கிழமை நகலை வாங்கி ஊத்திருவோம். ஊருக்குப் போயிருவோம்."

"இந்த ஞாயித்துக்கிழமைக்காரன் மட்டும் போயிருவான். அப்படித்தான?"

அவள் அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி ஊத்தச் சொல்லு," என்றான். "அதுக்கு முந்தி அந்தப் போட்டோவை ஒருக்கா காட்டு." தாமிரா தலையில் தயிர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும் படம் அது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கண்ணை மூடினான். செண்பகம் வெளியே வந்து, நடைபாதையில் நின்று வாய்விட்டு அழுதாள்.

தாமிராவைப் பக்கத்து வீட்டு ரோசா என்ற மெக்சிகோக்காரியிடம் விட்டுவைத்தாள். கண் விழித்த இசக்கிமுத்து, வீட்டைக் கிளப் கொடுத்த கெஸ்ட் ஹவுஸ் என்று நம்பினான். முட்டிவலியை விமானத்தில் காலை மடக்கி உட்கார்ந்ததன் பலன் என்று நம்பினான். கழுத்துப் பிடிப்பு அமெரிக்கத் தலையணையின் குற்றமாயிற்று.

"ஏட்டி, ராத்திரியோட ராத்திரியா முடியை எப்பம் வெட்டுன?"

"இந்த ஊருக்கு இதுதான் வசதி."

நம்பினான். சொன்னதை நம்புகிறவனைக் கட்டிக்கொண்டதில் எத்தனை சௌகரியம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த தாமிரா அவனைப் பார்த்துவிட்டு, "அப்பா!" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"யாரு இது?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளை."

"தமிழ்லே அப்பான்னுல்லா கூப்பிடுது?"

"நான் சொல்லிக் கொடுத்தேன், காலைல. வாங்க உள்ள."

அவன் குனிந்து பிள்ளைக்கு டாட்டா காட்டிவிட்டு உள்ளே வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் தாமிரா அழ ஆரம்பித்தாள். செண்பகம் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள், சத்தம் கேட்காமல் இருக்க.

"நாளைக்கு உங்களுக்கு டெஸ்ட்," என்றாள். "நம்ம ஊருல எப்படி ஆடுவியளோ அப்படியே ஆடுங்க. மாத்தாதிய."

செவ்வாய்க்கிழமை பயிற்சியில் ஆளைப் பிடித்துத் தள்ளக் கூடாது. அந்தத் தைரியத்தில்தான் அவனை அனுப்பியிருந்தாள். என்றாலும் மைதானத்து வேலியோரம் பயத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள். ஐசக்கின் கழுத்து எப்படி இருக்கிறது என்று படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர்கள் வேறு வந்திருந்தார்கள்.

விசில் ஊதியதும் இசக்கிமுத்துவின் கையில் பந்து வந்தது. அவன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். ரெய்டு போகிறவனுக்கு எதற்குப் பந்து? மரியாதையாகப் புல்லில் ஓரமாக வைத்தான். தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "கபடி கபடி கபடி" என்று மூச்சைப் பிடித்தபடி எதிர்வரிசைக்குள் நுழைந்தான். முதல் தடியனின் தோளைத் தொட்டான். இரண்டாமவனின் இடுப்பைத் தட்டினான். மூன்றாமவன் குழம்பிப்போய்க் கையை நீட்ட, அதற்கடியில் குனிந்து, அவன் முட்டியையும் தொட்டுவிட்டு, ஒரே பாய்ச்சலில் தன் பக்கம் திரும்பி வந்து தொடையைத் தட்டினான்.

"மூணு பேரு அவுட்!"

தனியாகக் கிடந்த பந்தை எதிர்வரிசைப் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டு, யாரும் தடுக்காமல் நடந்தே போய்க் கோட்டைத் தாண்டினான்.

டன்லப் ஓடிவந்தார். பந்தை அவன் கக்கத்தில் திணித்து, இதை விடாதே, ஓடு, ஓடு என்று கையால் காட்டினார். இசக்கிமுத்து தலையாட்டினான். பந்தை விடாமல் போய், இந்தத் தடவை நான்கு பேரைத் தொட்டு, பந்தோடு பத்திரமாகத் தன் எல்லைக்கே திரும்பி வந்து, அவரிடமே நீட்டினான். பாராட்டை எதிர்பார்க்கிற முகம். இவ்வளவு அழகான ரெய்டை செண்பகம் தூத்துக்குடியில்கூடப் பார்த்ததில்லை. அத்தனை பயத்திலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாளே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். 'கழுத்துக் காயம்' என்றது கிளப். 'குறுகிய காலமே ஆனாலும் ஒளிவீசிய ஆட்ட வாழ்க்கை' என்று எழுதினார்கள் பத்திரிகைக்காரர்கள். இசக்கிமுத்துவைப் பொறுத்தவரை அவனுடைய அமெரிக்க ஆட்ட வாழ்க்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலை. டெஸ்டில் தோற்றுவிட்டதாகச் சொன்னார்கள். அவன் ஏற்றுக்கொண்டான்.

"ஏழு பேரைத் தொட்டும் பெயிலாக்கிட்டானுவளே. இவனுவளுக்கு ஆட்டம் தெரியல, செண்பகம்," என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை நகலைக் கேட்டு வரச் சொல்லி அண்ணாச்சியை அனுப்பினாள். வெள்ளிக்கிழமை அவர் திரும்பி வந்தபோது கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தர முடியாதுங்காவ."

"டாக்டர் ஊத்தலாம்னு சொன்னாவளே?"

"ஊத்தலாந்தான். ஆனா நகல் கிளப்புக்குச் சொந்தமாம். மூணு சீசன் ஆட்ட ரகசியமெல்லாம் அதுக்குள்ள இருக்காம். வேலையை விட்டுப் போறவன், தலைக்குள்ள அதைக் கொண்டுபோக முடியாதுங்காவ."

"ஆட்டத்தை அவ்வோளே வச்சுக்கிடட்டும். பிள்ளையை மட்டும் தரச் சொல்லுங்க."

"தனியாப் பிரிக்க வராதாம்மா. பாலும் தண்ணியுமாக் கலந்து கிடக்காம்."

"நீங்கதான அண்ணாச்சி படிச்சுப் பாத்துக் கையெழுத்து வாங்குனிய?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். "நாம எங்கம்மா படிச்சோம்," என்றார். "இன்னொன்னும் சொல்லணும். அந்த நகலைச் சும்மா வச்சிருக்க மாட்டாவளாம். இப்படி ஓடத் தெரிஞ்ச ஆளை மறுபடி உருவாக்க மூணு வருஷமாகும்லா? நெப்ராஸ்கா காலேஜ் பையன் ஒருத்தன் கையெழுத்துப் போட்டிருக்கான். நல்ல உடம்பு, நல்ல கழுத்து. ஓட்டம் மட்டும்தான் அவன் தலைக்குப் போகும்னு சொல்லுதாவ."

"பிரிக்க வராதுன்னு இப்பத்தான சொன்னிய?"

அண்ணாச்சி கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டாக்டர் சொன்ன இரண்டு வாரக் கெடு முடிய இன்னும் சில நாள் இருந்தது. அதற்குப் பிறகு சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று செண்பகம் மனசுக்குள் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தாள். இது உங்கள் பிள்ளை என்று சொல்லித் தந்தால் நம்பத்தான் செய்வான், தலையணையை நம்பிய மாதிரி. அவளுக்கு வேண்டியது அந்த நம்பிக்கை இல்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே கார் வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஹார்னெட்ஸ் ஜாக்கெட் போட்ட, செம்பட்டைத் தலை, இருபது வயதுப் பையன் ஒருவன் இறங்கினான். ஆறடிக்கு மேல் உயரம். இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்தவன், ரோசாவின் வேலியோரம் மண்ணில் உட்கார்ந்திருந்த தாமிராவைக் கண்டதும் ஓடிப்போய் முட்டி போட்டான்.

செண்பகம் வாசலுக்கு விரைந்தாள்.

"ஏ குட்டி," என்று அவன் சொல்வது கேட்டது. அமெரிக்க நாக்குக்கு 'ட்டி' சரியாக வரவில்லை. "காது வலி போயிட்டா?"

கடைசி நகலெடுத்த சனிக்கிழமை தாமிராவுக்குக் காது வலித்ததும், நகலெடுக்கப் போகிற நேரம்வரை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இசக்கிமுத்து நடந்ததும் வெளியாருக்குத் தெரிந்த விஷயமல்ல. தாமிரா அந்தப் புது முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு காதைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையாட்டி, இரண்டு கையையும் நீட்டினாள். அவன் வேலிக்கு மேலாக அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். நிமிர்ந்து செண்பகத்தைப் பார்த்தான். அவன் கன்னமெல்லாம் கண்ணீர்.

"ஏட்டி, என்னைய ஏன் வேற இடத்துலே படுக்கச் சொல்லுதாவ?" என்றான். "கண்ணாடியைப் பாத்தா எவனோ நிக்கான். கேலப்புன்னு கூப்பிடுதாவ. நெப்ராஸ்காவுல ஒரு அம்மா என்னைய மவன்னு சொல்லி அழுதாவ. எனக்கு ஒண்ணும் விளங்கல செண்பகம். உள்ள வரட்டா?"

படியில் நின்றபடி கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கழுத்தைப் பிடித்துவிட்டபடி இசக்கிமுத்து வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"யாருட்டி அந்தச் செம்பட்டைத் தலையன்? பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு இப்படி அழுதான்?"

"அவ அப்பா," என்றாள் செண்பகம்.

"அதான் பாத்தேன். என்னமா ஒட்டிக்கிட்டுக் கிடக்கா." கொஞ்ச நேரம் அங்கேயே நின்று இரண்டு பேரையும் ரசித்தான். பிறகு அவள் காதருகே குனிந்து, கூச்சத்தோடு மெல்லச் சொன்னான்.

"ஊருக்குப் போனதும் நமக்கும் இப்படி ஒண்ணு பெத்துக்கிடுவோமாட்டி?"